ஒன்றுமே சொல்லாமல் பேசக் கற்றுத்தருபவர்

பேசத் தெரியாதவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்களைப் பிடித்து உட்காரவைத்து, அவர்கள் பேச்சிலிருந்து பொருளை மட்டும் வலிக்காமல் உருவி எடுத்துவிட்டு, சத்தத்தை அப்படியே விட்டுவைக்கிற இன்னொரு இனமும் உண்டு. அந்த இனத்துக்குப் பேட்டிப் பயிற்சியாளர் என்று பெயர்.

பார்த்ததே இல்லை என்பீர்கள். பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். ஓடி முடிக்கும் இடத்தில் தடுக்கி விழுந்து, கடைசியாக வந்து, முழங்கால் தோல் உரிந்து, மூச்சு இன்னும் திரும்பாமல் நிற்கிறாள் ஒரு ஓட்டக்காரி. அவள் மூக்குக்குக் கீழே ஒலிவாங்கியை நீட்டி, “எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். “இந்தப் போட்டியிலிருந்து நல்ல விஷயங்களை எடுத்துக்கொண்டு முன்னேறுவோம்” என்கிறாள். என்ன நல்ல விஷயத்தை எடுத்துக்கொண்டாள்? கொஞ்சம் மண்ணை. அந்தப் பேச்சு அவளுடையது அல்ல. வாய் அவளுடையது; உள்ளேயிருந்து பேசுகிறவர் நம்முடைய ஆள்.

தொழில் நேரம் போக, வெளியில் அவரை அடையாளம் காண்பது எளிது. நீங்கள் கேட்டு முடிப்பதற்கு முன்பே தலையாட்டுவார். எதைக் கேட்டாலும் “நல்ல கேள்வி” என்பார். மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள்: நேரம் எவ்வளவு முக்கியமானது, நேரத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்றெல்லாம் சொல்லி உங்கள் தோளைத் தட்டிவிட்டுப் போவார். நீங்களும் ஏதோ பெரிதாகக் கிடைத்துவிட்டதுபோல நன்றி சொல்லி அனுப்புவீர்கள். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான், பேருந்து போய்விட்டதா இல்லையா என்ற பழைய கவலை திரும்பி வரும்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை. விளையாட்டு உலகில் அவருக்குப் ‘பாலம் சார்’ என்று பெயர். கேள்வி ஒரு கரை, நாம் சொல்ல விரும்புவது மறுகரை, நடுவில் ஒரு பாலத்தைப் போட்டு நடந்துவிட வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். ‘அதைவிட முக்கியமானது என்னவென்றால்’ என்பது ஒரு பாலம். ‘இதை வேறு விதமாகவும் பார்க்கலாம்’ என்பது இன்னொன்று. மறுகரையில் ஒன்றுமே கிடையாது என்பது நடந்து போய்ச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் பேட்டி முடிந்துவிடும்.

இவர் ஒரு காலத்தில் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர். வெயிலில் நின்று கேள்வி கேட்டுக் கேட்டு, பதிலே கிடைக்காமல் வீடு திரும்பிய வருடங்கள் அநேகம். ஒருநாள் யோசித்துப் பார்த்திருக்கிறார். பதில் சொல்லாத பக்கத்தில்தான் நாற்காலி இருக்கிறது, நிழல் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது. எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவருடைய முக்கியமான கருவி ஒரு மணி. விடுதி வரவேற்பு மேசையில் வைத்திருப்பார்களே, மண்டையில் தட்டினால் ‘டிங்’ என்று சொல்லும், அந்த மணிதான். பயிற்சியில் மாணவர் பதில் சொல்லும்போது, வாய் தவறி ஒரு தகவல் வெளியே வந்துவிட்டால் பாலம் சார் அதைத் தட்டுவார். “செய்தி விழுந்துடுச்சு” என்பார். கைதவறிக் கண்ணாடி டம்ளரைப் போட்டவர்கள் மாதிரி மாணவர்கள் விழிப்பார்கள். ஒரு பேட்டி முழுவதும் மணி அடிக்காமல் முடிந்தால் அது முழு மதிப்பெண். அவரிடம் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பெரிய பெரிய ஆட்கள். காதில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த மல்யுத்த வீரரிடம், எதிராளி கடித்தது உண்மையா என்று கேட்டார்கள். “எதிராளி எல்லாத் துறைகளிலும் சிறப்பாகச் செயல்பட்டார்” என்றார் அவர். அன்று பாலம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு மனைவி. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அந்த அம்மாளுடைய உலகத்தில் பதில் இரண்டுதான்: இருக்கிறது, இல்லை. “ஓரளவுக்குச் சர்க்கரை, ஆனால் அதைவிட முக்கியமானது இந்த ரத்தத்தின் கூட்டு முயற்சி” என்று அவர் ஒருநாளும் எழுதிக்கொடுத்ததில்லை.

அந்த அம்மாளுக்கு ஒரு பதவி வந்தது. வேறொரு நகரத்தில் புதிதாகத் திறக்கிற பரிசோதனைக்கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பு. நீண்ட நாள் காத்திருந்தது. போனால் இருவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டும். போவதா இல்லையா என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். விஷயம் வந்த நாளிலிருந்து அவர் கணவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க, போலாமா வேணாமா?”

“நல்ல கேள்வி. நம்ம குடும்பத்துல எந்த முடிவுமே ஒரு தனி ஆள் முடிவு கிடையாது.”

“அதனாலதான் கேக்கறேன்.”

“நீ கேக்கறதே எனக்குப் பெருமையா இருக்கு. இந்த வீட்டுல எல்லாரும் மனசுவிட்டுப் பேசற ஒரு சூழ்நிலை இருக்கு பாரு, அதைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன்.”

எல்லாரும் என்றால் இரண்டு பேர். அதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்; மற்றவர் சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார். இப்படியே வாரங்கள் போயின. பாலம் சார் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த இனம் பொய்யே சொல்லாது. பொய்யும் ஒரு தகவல் ஆயிற்றே.

சனிக்கிழமையும் வந்தது. அன்று பார்த்து வீட்டில் பயிற்சி.

வீட்டிலேயே பயிற்சி நடத்துவது அவர் கண்டுபிடித்த முறை. கூடத்துச் சுவரில், பழைய அட்டைப் பெட்டிகளிலிருந்து வெட்டிய கம்பெனிச் சின்னங்களை ஒட்டிய ஒரு படுதா தொங்கும். சாப்பாட்டு மேசைதான் பேட்டி மேசை. அதன்மேல் மூன்று ஒலிவாங்கிகள்: ஒன்று நிஜம், ஒன்று டார்ச் லைட், ஒன்று தலை சீவுகிற பிரஷ். கண் கூசுவதற்காக மேசை விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி வைப்பார். நிருபர்களாக நடிக்க வீட்டு மனிதர்களே போதும். வெளி ஆட்கள் நாசூக்குப் பார்ப்பார்கள், உறவுக்காரர்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்பார். அன்றைக்கு வந்த நிருபர்கள் மூவர். ஒருவர் மனைவி. ஒருவன் மனைவியின் தம்பி, பல் மருத்துவமனைகளுக்கு நாற்காலி விற்கிறவன். மூன்றாமவர் எதிர்வீட்டுப் பெரியவர், கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தன் கேள்விக்கு யாருமே எழுந்து நின்று பதில் சொல்வதில்லை என்ற ஏக்கத்தில், கூப்பிடுவதற்கு முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.

மாணவி ஒரு கால்பந்து அணியின் கோல்கீப்பர். அணியில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். அரையிறுதிவரை அந்தப் பெயருக்குக் குறை வரவில்லை. அரையிறுதியில் எதிரணிக்காரி ஒருத்தி நடுக்கோட்டருகே இருந்து சும்மா அடித்த பந்து, தத்தித் தத்தி, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரே கேட்கிறது, ஏன் என்று. ஞாயிற்றுக்கிழமை நிருபர்களைச் சந்தித்தாக வேண்டும். என்ன ஆனாலும் உண்மையான காரணம் வெளியே வரக்கூடாது என்று சொல்லி அணி மேலாளர் அவளைப் பாலம் சாரிடம் அனுப்பியிருந்தார்.

விளக்கு எரிந்தது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் வேலையில இருந்த காலத்துல ஒரு தவறு நடந்தா, அதுக்கு முன்னாடி ஒரு அலட்சியம் இருக்கும், அந்த அலட்சியத்துக்கு முன்னாடி ஒரு மேலதிகாரி இருப்பார். நான் எத்தனையோ ஆபீசு பார்த்தவன். ஒரு தடவை என்ன ஆச்சுன்னா…”

“கேள்வி என்ன சார்?” என்றான் தம்பி.

“அதுக்குத்தான்பா வந்துக்கிட்டிருக்கேன். அந்த கோல் எப்படிம்மா விழுந்துச்சு?”

“மூக்கு அரிச்சுது சார்” என்றாள் பூட்டு.

டிங்.

“கையுறையோட சொறிய முடியல. ஒரு கையைக் கழட்டினேன். மாட்டறதுக்குள்ள…”

டிங். டிங்.

“அம்மா தாயே!” என்றார் பாலம் சார். “காலையிலிருந்து என்ன சொல்லிக் கொடுத்தேன்? மூக்கு வரவே கூடாது. மூக்குங்கற சொல்லே கூடாது. எங்கே, நல்ல கேள்வின்னு ஆரம்பி.”

“நல்ல கேள்வி சார்.”

“ம்.”

“அன்னைக்கு எங்க அணி ரொம்ப நல்லா ஆடிச்சு.”

“பிரமாதம்! மேல.”

“என் மூக்குதான் சரியா ஆடல.”

டிங்.

தம்பி பிரஷ் ஒலிவாங்கியைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தான். “அத்தான், இது ஆகாத கேஸ். விட்டுடுங்க.”

“ஏன் சார் சொல்லக் கூடாது? அதுதானே நடந்துச்சு?” என்றாள் பூட்டு. அவள் நிஜமாகவே கேட்டாள். கோலுக்குத்தான் பூட்டு, வாய்க்கு இல்லை. “நான் பேசாம எழுந்து போயிடட்டுமா சார்? கேட்டா ஒண்ணும் சொல்லாம?”

“அது தற்கொலை” என்றார் பாலம் சார். “எழுந்து போனாலும் சரி, சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாம முழிச்சாலும் சரி, அவங்களே தலைப்பு போட்டுக்குவாங்க. ‘கோல்கீப்பர் மறுப்புத் தெரிவிக்கவில்லை’ன்னு எழுதிடுவாங்க. நான் அந்தப் பக்கம் இருந்தவன். எத்தனை பேருக்கு நானே எழுதியிருக்கேன்! இங்க எழுந்திரு, நான் உக்காந்து காட்டறேன். நீ மணியைப் பிடி. என் வாயிலிருந்து ஒரு செய்தி விழுந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காத, தட்டு.”

எந்த வித்தைக்காரனும் ஒரு நாள் செய்கிற தவறு இது. மாணவி ஆட்டம் கண்டபோது, தன் கையாலேயே விளக்கைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு, சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, “கேளுங்க, எதை வேணும்னாலும் கேளுங்க, இருக்கறதிலேயே சிக்கலான கேள்வியா கேளுங்க” என்று சொன்னார். நிருபர்கள் மூவரில் ஒருவர் யார் என்பதை மறந்துவிட்டார்.

மனைவி டார்ச் லைட்டை எடுத்தார்.

“வேற ஊர்ல எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருக்காங்க. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்லணும். போலாமா, வேணாமா?”

பாலம் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். குடிக்காமல் மூடினார். எதிரே பூட்டின் விரல் மணியின்மேல் நின்றது. மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனைவியின் முகம் விளக்குக்குப் பின்னால் இருட்டில் இருந்தது. அது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. தொழிலா, வீடா என்று அவர் யோசித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் யோசிக்கவில்லை. வாய் தானாகப் புறப்பட்டது.

“நல்ல கேள்வி. முதல்ல, இந்த நிலைக்கு வந்ததுக்கு உங்களுக்கு என் பாராட்டுகள். இதுக்குப் பின்னால இருக்கற உழைப்பு சாதாரணமானது இல்ல. ஊரு, வீடுங்கறதெல்லாம் வெறும் இடங்கள்தான். அதைவிட முக்கியமானது என்னன்னா, நாம ஒரு அணியா எப்படி இருக்கோம்கறது. எங்களைப் பொறுத்தவரைக்கும் ஒவ்வொரு நாளா எடுத்துக்கறோம். சரியான நேரத்துல, எல்லா அம்சத்தையும் ஆராய்ஞ்சு, எல்லாருக்கும் நல்லதா ஒரு முடிவு வரும். அதுல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. நன்றி.”

மணி அடிக்கவில்லை.

பெரியவர் எழுந்து கைதட்டினார். “என் சர்வீசுல இப்படி ஒரு பதிலைப் பார்த்ததில்ல. பிடிக்க ஒரு இடம் இல்லையே!”

“சார், ஒண்ணுமே விழல சார்” என்றாள் பூட்டு, பயபக்தியோடு. “அடிக்கலாமான்னு காத்துக்கிட்டே இருந்தேன். முடிஞ்சே போச்சு.”

பாலம் சார் பணிவாகப் புன்னகைத்தார். பல் தெரியாத புன்னகை. அதுவும் பாடத்தில் இருக்கிறது. அந்தப் புன்னகையோடு மனைவியின் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. மனைவி ஜன்னலோரம் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாம் மேடம். வர்றேன் மேடம். வீட்டுலயா? கேட்டேன் மேடம். அவர் மறுப்புத் தெரிவிக்கல.”

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“என்னது இது?” என்றார் பாலம் சார்.

“தலைப்பு. நீங்க பதில் சொல்லல, நான் போட்டுக்கிட்டேன். அந்தப் பக்கம் இருந்தா நீங்களும் அதைத்தானே எழுதியிருப்பீங்க?”

“நான் வேணாம்னு சொல்லியிருந்தா?”

“சொல்லலையே.”

“சரின்னும் சொல்லலையே!”

“அதையும்தான் சொல்லல.”

பெரியவர் இருபுறமும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “சட்டப்படி அந்தம்மா சொல்றது செல்லும்” என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

பாலம் சார் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. எல்லாப் பாலத்தையும் சற்று முன்தான் பயன்படுத்தி முடித்திருந்தார். “எனக்கு அந்த ஊர்ல யாரையும் தெரியாது” என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “இங்க நாலு பேர் என்னைக் கேட்டு வர்றாங்க. அங்க நீ காலையில வேலைக்குப் போயிடுவ. நான் வாசல்ல உக்காந்து என்ன பண்ணுவேன்? பயமா இருக்கு.”

டிங், டிங், டிங் என்று அடித்தான் தம்பி. பூட்டு மணியிலிருந்து கையை எடுத்ததும் அவன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். “அத்தான், மொத்தமா கொட்டிட்டீங்க!”

“டேய், வாய மூடு” என்றார் மனைவி. தம்பி மணியைக் கீழே வைத்தான். அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். “இதான் பதிலா? இவ்வளவுதானா? இதையா இத்தனை நாளா பொத்தி வெச்சிருந்தீங்க?”

“சொல்லியிருந்தா நீ போகாம இருந்திருப்பியா?”

“போயிருப்பேன்” என்றார் மனைவி. அவர் தொழில் அப்படி. “ஆனா உங்களோட சண்டை போட்டுட்டு, சமாதானம் ஆகி, உங்களுக்கு அங்க என்ன வழின்னு ரெண்டு பேருமா பார்த்து வெச்சுட்டுப் போயிருப்பேன். இப்போ எல்லாத்தையும் ஒரு வாரத்துல பண்ணணும். சண்டை உட்பட.”

சண்டையை அன்றே தொடங்கிவிட்டார்கள் என்று கேள்வி. நிருபர்கள் மூவரில் ஒருவர் சம்பந்தப்பட்டவராகிவிட்டதால், மற்ற இருவரும் டீயைக் குடித்து முடிக்காமலே வெளியேற்றப்பட்டார்கள். பெரியவருக்கு அதில் மிகுந்த வருத்தம். உண்மையான விசாரணை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

இதிலிருந்து, ஒளிவு மறைவில்லாமல் பேசுவதுதான் நல்லது என்று நீங்கள் முடிவுகட்டினால், அவசரப்படுகிறீர்கள். மறுநாள் பூட்டு உண்மையான நிருபர்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் கேள்விக்கே, “மூக்கு அரிச்சுது. கையுறையைக் கழட்டினேன். பந்து வந்துடுச்சு. தப்பு என்மேல” என்றாள். ஆண்டுக்கணக்கில் காலிப் பாத்திரத்தையே சுரண்டிப் பழகியவர்களுக்கு முன்னால் திடீரென்று முழுச் சாப்பாட்டைக் கொட்டினால் என்ன ஆகும்? விஷம் கலந்திருக்கிறது என்று நினைப்பார்கள். மறுநாள் ஒரு பத்திரிகை, ‘மூக்கு அரிப்பின் பின்னணியில் யார்?’ என்று கேட்டது. இன்னொன்று, இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறார் என்றால் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறார் என்று எழுதியது. ஒரு தொலைக்காட்சி, தோல் மருத்துவரையும் கையுறைத் தயாரிப்பாளரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் சண்டை மூட்டியது. பார்த்த மற்ற அணிகளுக்கெல்லாம் குலை நடுங்கிவிட்டது. நம் பிள்ளைகளும் இப்படி உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன ஆவது? எல்லோரும் பாலம் சாரைத் தேடினார்கள்.

அவர் இப்போது அந்தப் புதிய ஊரில், பரிசோதனைக்கூடத்துக்கு அடுத்த தெருவில், முன்னைவிடப் பெரிய அறை பிடித்து நடத்துகிறார். வாசலில் உட்காரவே நேரமில்லை. அங்கே அவர் பெயர் மட்டும் மாறிவிட்டது: ‘லேப் மேடத்தோட வீட்டுக்காரர்’ என்கிறார்கள். அதை அவர் மறுப்பதில்லை. தொழிலில் முன்புபோலவே யாருக்கும் எதையும் சொல்லாமல் இருக்கக் கற்றுத்தருகிறார். வீட்டில் மட்டும், மனைவி கேட்டால், ஆமாம் என்கிறார், அல்லது இல்லை என்கிறார். சில நாட்கள் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிடுகிறார் என்று கேள்வி. புதுப் பழக்கம், போகப் போகச் சரியாகும்.

இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. நீங்கள் ஓடவும் இல்லை, பந்து பிடிக்கவும் இல்லை, உங்கள் முகத்துக்கு நேரே யாரும் விளக்கைத் திருப்பவும் இல்லை. உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லைதான். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கோ பாதியில், அடுத்த அறையிலிருந்து உங்களை யாரோ ஏதோ கேட்டார்கள். நீங்கள் கண்ணை எடுக்காமல் “ம்” என்றீர்கள். அது ஆமாம் என்கிற ம்-மா, இல்லை என்கிற ம்-மா, கேட்கவே இல்லை என்கிற ம்-மா என்று உங்களுக்கே தெரியாது. அதற்கு அங்கே என்ன தலைப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கிறது.